தில்லை, அதிகை, பாதிரிப்புலியூர்: வழிபாட்டில் நறுமணமும் நறும்புகையும்

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியை ஒட்டி, கெடில நதிக்கரையில் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் உள்ளது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயருடன் இருந்த மருணீக்கியார் சூலை நோயோடு இங்கு வந்து, தம் தமக்கை திலகவதியாரின் கையால் திருநீறு பெற்றுச் சிவனைப் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவரே அப்பர் என்றும் திருநாவுக்கரசர் என்றும் போற்றப்படுபவர். அன்று அவர் பாடிய முதற்பதிகத்தில், நீரையும் பூவையும் தூபத்தையும் தமிழோடு இசை பாடுவதையும் தாம் மறந்ததில்லை என்று ஒரு பாட்டில் இறைவனிடம் முறையிடுகிறார். தமிழகக் கோயில் வழிபாட்டில் நறும்புகைக்கு இருந்த இடத்தை அறிய இந்த ஒரு பாட்டே போதுமான சான்றாகும். நீர், மலர், புகை, பாட்டு ஆகிய நான்கும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

அதுவரை சமணராக இருந்தவர் தூபத்தை மறந்ததில்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற ஐயம் இயல்பாக எழும். முற்பிறவித் தொடர்பு, உள்ளத்தில் மாறாதிருந்த அன்பு என்று சமய நெறியில் இதற்கு விளக்கம் சொல்வார்கள். வரலாற்று நோக்கில் வேறொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். நீரும் பூவும் தூபமும் சைவர்களுக்கு மட்டும் உரியவையாக இருந்ததில்லை. சமணர் வழிபாட்டில் அருகனுக்குப் படைக்கும் எட்டுப் பொருள்களில் நீர், சந்தனம், மலர், தீபம், தூபம் ஆகியவையும் அடங்கும். சமயம் மாறியபோது வணங்கப்பட்ட கடவுள் மாறினார். வணங்கிய கை ஏந்திய பொருள்கள் பெரும்பாலும் மாறவில்லை.

பாதிரியும் புதுப்பானையும்

தருமசேனர் இருந்த சமணப் பள்ளி பாடலிபுத்திரத்தில் இருந்தது. இன்று கடலூர் நகரின் பகுதியாக உள்ள திருப்பாதிரிப்புலியூரே அந்தப் பாடலிபுத்திரம் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 'லோகவிபாகம்' என்னும் சமண நூலைச் சர்வநந்தி என்னும் முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் எழுதி முடித்தார் என்றும், அது காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்றும் அந்நூலின் பிற்கால வடிவம் கூறுகிறது. பல்லவர் காலவரிசையைக் கணிக்க உதவும் மிகப் பழைய உறுதியான ஆண்டுக் குறிப்புகளில் இதுவும் ஒன்று.

ஊருக்குப் பெயர் தந்தது பாதிரி மரம். வடமொழியில் பாடலம் எனப்படும் இம்மரமே இங்குள்ள பாடலீசுவரர் கோயிலின் தலமரம். தாவரவியலார் இதை ஸ்டீரியோஸ்பெர்மம் என்னும் பேரினத்தில் சேர்ப்பர். வேனிற் காலத்தில் பூக்கும் இதன் மலருக்கு நல்ல மணம் உண்டு. பழந்தமிழர் புதிய மண்பானையில் பாதிரிப் பூவை இட்டுக் குடிநீருக்கு மணமூட்டினர். சமண முனிவர்கள் பாடியதாகக் கூறப்படும் நாலடியாரில், பாதிரிப்பூவின் சேர்க்கையால் புதுப்பானை தன்னுள் இட்ட தண்ணீருக்கும் அம்மணத்தைத் தருவது போல, கல்லாதவரும் கற்றாருடன் பழகினால் நல்லறிவு பெறுவர் என்ற உவமை வருகிறது. பள்ளிப் பாடநூல்களில் கூட்டுறவின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கப்படும் இச்செய்யுளின் பூவும் பாதிரிப்புலியூரின் பூவும் ஒன்றே என்பதை மாணவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

புகை எழுப்பாத, நெருப்பு வேண்டாத நறுமணம் இது. தமிழக வழிபாட்டில் மணத்தின் மிகப் பழைய வடிவம் மலரும் நீருமே ஆகும். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், இறைவனின் திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலவரிசி, சண்பக மொட்டு, இலாமிச்ச வேர் ஆகியவற்றுக்கு நிவந்தம் விட்டதைக் குறிக்கின்றன. சிதம்பரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகளில் திருநந்தவனங்களுக்கு விடப்பட்ட நிலங்கள் மிகுதி. முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோரின் படைத்தலைவனும் நரலோகவீரன் எனப் பெயர் பெற்றவனுமாகிய மணவிற் கூத்தன், தில்லையிலும் அதிகையிலும் செய்த திருப்பணிகள் இரண்டு ஊர்களிலும் செய்யுளாகவே பொறிக்கப்பட்டுள்ளன. நந்தவனம் அமைத்ததும் அவற்றுள் அடங்கும். பூவைக் கடையில் வாங்கிக் கொடுப்பது பிற்கால வழக்கம். அன்று பூவுக்கென நிலமும், அந்நிலத்தில் உழைப்பவருக்கென நெல்லும் முதலிலேயே ஒதுக்கப்பட்டன.

எவை எவை புகைந்தன?

தூபம் என்பது புகையின் பொதுப்பெயர். அதற்கான பொருள்கள் பல. அவற்றின் பெயர்களில் குழப்பமும் பல.

குங்கிலியம் மரப்பிசின். சால மரம், வெள்ளைக் குங்கிலிய மரம், கருங்குங்கிலிய மரம் ஆகிய வெவ்வேறு மரங்களின் பிசின்கள் இப்பெயரால் வழங்குகின்றன. குந்திரிக்கம் இந்தியாவின் வறண்ட காடுகளில் வளரும் வேறொரு மரத்தின் பால்பிசின். மேற்காசியச் சமயங்கள் போற்றிய பிசினுக்கு அது நெருங்கிய உறவு. சாம்பிராணி என்று இன்று பெரும்பாலும் குறிக்கப்படுவது சுமாத்திராத் தீவின் மரம் ஒன்றில் வெட்டுப்போட்டு எடுக்கும் பிசின். அரபு வணிகர்கள் இதைச் சாவகத்துக் குந்திரிக்கம் என்னும் பொருளில் 'லுபான் சாவி' என்றனர். ஐரோப்பியர் நாவில் அது 'பென்சோயின்' ஆயிற்று. வேதியியலில் வரும் பென்சீன் என்ற பெயரும் இந்த வழியில் பிறந்ததுதான். இத்தனை பெருமைக்குரிய பொருளின் பெயரைத் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் மந்தமான மாணவனைத் திட்டும் சொல்லாக ஏன் ஆக்கினார்கள் என்பது விளங்காத புதிர்.

அகில் தமிழ் இலக்கியத்தில் நெடுங்காலமாகப் பயிலும் சொல். மலையாறுகள் சந்தனத்தையும் அகிலையும் அடித்துக்கொண்டு வருவதையும், மகளிர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டியதையும் சங்கப் பாடல்கள் பாடுகின்றன. சிலப்பதிகாரமோ அகில், துகில், ஆரம், கருப்பூரம் ஆகியவை கீழ்க்கடலின் காற்றோடு கலத்தில் வந்ததைச் சொல்கிறது. அதாவது மலையில் கிடைத்த அகில் ஒருபுறமும் கடல்கடந்து வந்த அகில் மறுபுறமும் புழக்கத்தில் இருந்தன.

இங்கே தில்லை மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த இந்த மரம் இன்று கோயிலருகே இல்லை. பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் உள்ளது. இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால், கண்ணைக் குருடாக்குவது என்ற பொருள் தரும் 'எக்ஸ்கோகேரியா' என்பது இதன் அறிவியற் பெயரின் முற்பகுதியாயிற்று. பிற்பகுதி 'அகல்லோச்சா'. அது அகிலுக்கு மேலைநாட்டார் வழங்கிய பெயர். அகில் எந்த மரத்திலிருந்து வருகிறது என்று தெளிவாகத் தெரியாத காலத்தில் ஐரோப்பியத் தாவரவியலார் இரண்டையும் இணைத்துப் பெயரிட்டனர். பிழையான பெயரே நிலைத்துவிட்டது. சிதம்பரத்தின் பழைய காடு, தன்னிடம் இல்லாத ஒரு மணத்தின் பெயரை இன்றும் சுமக்கிறது.

கடல் கொண்டுவந்த மணம்

சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாருசு என்ற பழைய துறைமுகம் உண்டு. இயற்கைக் கருப்பூரத்துக்கு உலகப் புகழ்பெற்ற இடம் அது. அங்குள்ள லோபு துவா என்னுமிடத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்த இக்கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் எடுத்த முடிவைப் பதிவு செய்கிறது. மரக்கலத் தலைவர் முதலானோர் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன்னில் ஒரு வரியைச் செலுத்திய பின்னரே ஊருக்குள் வரலாம் என்பது அதன் சாரம். வணிகர்கள் வரியைக் கணக்கிடவே ஒரு வாசனைப் பொருளின் விலையை எடுத்துக்கொண்டார்கள் என்றால், அச்சரக்கு எவ்வளவு மதிப்புடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம். இக்கல்வெட்டை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் வரலாற்று அறிஞர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார். அவர் சிதம்பரத்திலும் சிலகாலம் கல்லூரிப் பணி ஆற்றியவர்.

அதே காலத்தில், 1077ஆம் ஆண்டில், 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு ஒன்று சீன நாட்டின் சோங் அரசவைக்குச் சென்றது. அது கொண்டுசென்ற பொருள்களில் கருப்பூரம், பன்னீர், கிராம்பு முதலியவை இருந்தன என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன. இவற்றுள் கருப்பூரமும் கிராம்பும் சோழ நாட்டில் விளைபவை அல்ல. பன்னீரும் மேற்குக் கடல்வழியே வந்த சரக்குதான். கீழ்க்கடலில் வாங்கியதை மேற்கேயும், மேற்கே வாங்கியதைக் கிழக்கேயும் விற்ற இடைநிலை வணிகம் இது. தில்லைக் கோயிலின் முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு ஒன்றும், காம்போச மன்னன் காட்சியாக அளித்த ஒரு கல் கோயிலின் முன்புறத்தில் பதிக்கப்பட்டதைக் கூறுகிறது. கல்லே வந்த வழியில் கருப்பூரம் வந்ததில் வியப்பில்லை.

சோழர் காலத்துக்குப் பின்னும் இந்தக் கரை கடல் வணிகத்தை விடவில்லை. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் இடையே வெள்ளாற்றின் கழிமுகத்தில் உள்ள பரங்கிப்பேட்டை, மகுமூது பந்தர் என்றும் அழைக்கப்பட்டது. அங்கிருந்து மரக்காயர்களின் கலங்கள் சோழமண்டலத் துணிகளை ஏற்றிக்கொண்டு அச்சே, மலாக்கா, கடாரம் ஆகிய துறைகளுக்குச் சென்று வந்தன. போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரும் இக்கரைக்கு வந்தார்கள். 1690இல் ஆங்கிலக் கும்பினி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்டது. வரலாற்று நூல்கள் கும்பினிக்குப் பல பக்கங்களை ஒதுக்கி, மரக்காயர் வணிகத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கிழக்குத் தீவுகளின் பிசினும் கருப்பூரமும் தமிழகக் கோயில்களின் கருவறைவரை வந்துசேர்ந்ததில் முசுலிம் கடலோடிகளுக்கும் பங்குண்டு என்பதைச் சமய வரலாறு எழுதுவோர் மறக்கலாகாது.

இன்று கடலூரையும் காற்றையும் சேர்த்துச் சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவது சிப்காட் வளாகத்தின் இரசாயன வாடை. அதை முறையிட்டுக்கொண்டே இரு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன.

தில்லையம்பலத்தில்

சிதம்பரம் நடராசர் கோயிலின் வழிபாடு பிற சிவாலயங்களைப் போல ஆகம வழியில் நடப்பதில்லை. பதஞ்சலி முனிவர் வகுத்ததாகக் கூறப்படும் வைதிக முறையில் பொது தீட்சிதர்கள் இதை நடத்துகின்றனர். நாள்தோறும் ஆறு காலப் பூசை உண்டு. படிகலிங்கத்துக்கு நாள்தோறும் திருமுழுக்கு நடைபெறும். நடராசர் திருமேனிக்கோ ஆண்டில் ஆறு நாட்களே திருமுழுக்கு: சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் வளர்பிறைச் சதுர்த்தசி. இவற்றில் ஆனியும் மார்கழியும் ஆயிரங்கால் மண்டபமாகிய இராசசபையில் பெருவிழாவாக நடக்கின்றன. பாலும் தேனும் கரும்புச் சாறும் திருநீறும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியபின், சந்தனம் வழியும்போது மண்டபத்தின் மணமே மாறிவிடும்.

சிற்றம்பலத்தில் சிதம்பர இரகசியம் எனப்படும் இடத்தில் திரைக்குப் பின்னே தங்க வில்வ மாலைகள் தொங்கும். அந்தச் சுவரில் புனுகு முதலிய வாசனைப் பொருள்கள் சாத்தப்படுவது மரபு என்பர். இரத்தினசபாபதி எனப்படும் மாணிக்க நடராசருக்கு முன்புறமும் பின்புறமும் கருப்பூர ஒளி காட்டப்படுகிறது. பின்னிருந்து ஒளி வரும்போது திருமேனி செந்நிறமாக ஒளிர்வதைக் காணவே மக்கள் காத்திருப்பார்கள். இங்கே கருப்பூரத்தின் பயன் மணத்தைவிட ஒளியே.

சந்தனம், மலர், தூபம், தீபம், நிவேதனம் ஆகிய ஐந்து உபசாரங்களை ஐம்பூதங்களோடு பொருத்திச் சொல்வது வழிபாட்டு நூல்களின் வழக்கம். சந்தனம் நிலம், மலர் வான், தூபம் காற்று, தீபம் தீ, நிவேதனம் நீர். தருக்க நூலாரும் மணத்தை நிலத்துக்கே உரிய பண்பாகக் கொள்வர். வானுக்கு உரியது ஒலி மட்டுமே. சிதம்பரமோ ஐம்பூதத் தலங்களில் வானுக்கு உரியது. தருக்கத்தின்படி மணமே இருக்க முடியாத வான்வெளிக்குப் புனுகு சாத்துகிறார்கள் என்று யாரேனும் வாதிட்டால் மறுப்பது எளிதன்று. வழிபடுவோருக்கு இந்த வாதம் ஒருநாளும் இடையூறாக இருந்ததில்லை.

அதே வளாகத்தில் உள்ள கோவிந்தராசப் பெருமாள் சன்னதியும், கடலூரை அடுத்த திருவகிந்திபுரமும் வைணவ மரபைச் சேர்ந்தவை. வைணவக் கோயில்கள் பலவற்றில் கருப்பூர ஆரத்திக்குப் பதில் நெய்த்திரியே காட்டப்படும். மணம் அங்கே துளசியிலும், பச்சைக் கருப்பூரம் கலந்த தீர்த்தத்திலும் இருக்கிறது.

வாசனை உள்ளே, அடியார் வெளியே

சேக்கிழார் பெரியபுராணத்தைத் தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அந்நூலில் நறுமணப் பொருளோடு தொடர்புடைய அடியார்கள் சிலர் உள்ளனர். திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர் வறுமையில் வாடி, நெல் வாங்கி வரும்படி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை, எதிரே குங்கிலியப் பொதியோடு வந்த வணிகனிடம் கொடுத்துவிட்டுப் பொதியைக் கோயிலில் சேர்த்தார். பக்திக் கதையாகவே படிக்கப்படும் இதில் பொருளியலும் உண்டு. குங்கிலியம் பொதிக்கணக்கில் ஊர் ஊராக விற்கப்பட்டது. ஒரு பொதியின் விலை ஏழைக் குடும்பத்தின் தாலிப்பொன். மதுரையில் மூர்த்தி நாயனார் சந்தனக் கட்டை கிடைக்காதபடி அரசனால் தடுக்கப்பட்டபோது தம் முழங்கையையே கல்லில் தேய்த்தார். வாசனைப் பொருளைத் தடுத்தால் ஒரு சமயத்தின் வழிபாட்டையே முடக்கலாம் என்று அரசுகள் அறிந்திருந்தன என்பது இக்கதையின் உட்பொருள்.

ஆனால் சிதம்பரத்தைப் பொறுத்தவரை மனத்தை உறுத்துவது திருநாளைப்போவாரின் கதை. நந்தனார் என்று மக்கள் அறிந்தவர் இவரே. கொள்ளிடக் கரையை அடுத்த ஆதனூரில் புலையர் குலத்தில் பிறந்த இவர், கோயில்களின் முரசு முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், இறைவனின் அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார் என்று சேக்கிழார் தெளிவாகப் பட்டியலிடுகிறார். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். கத்தூரி, புனுகு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் வாசனைப் பொருள் அது. செத்த மாட்டை அறுத்துத் தோலையும் நரம்பையும் எடுப்பவரிடமிருந்துதான் அது கிடைக்க முடியும்.

இந்தப் பட்டியலை நிறுத்தி ஒருமுறை படிக்க வேண்டும். அவர் தந்த தோல் கோயிலுக்குள் முழங்கியது. அவர் தந்த நரம்பு உள்ளே இசைத்தது. அவர் தந்த கோரோசனை இறைவனின் திருமேனிவரை சென்றது. அவர் மட்டும் எல்லைக்கு வெளியே நின்றார். தில்லைக்கு வந்தும் ஊரின் புறத்தே வலம் வந்துகொண்டிருந்தவர், தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே செல்ல முடிந்தது என்கிறது புராணம். தூய்மை பற்றிய விதிகள் பொருளுக்கு ஒருவிதமாகவும் அதைக் கொடுத்த மனிதனுக்கு வேறுவிதமாகவும் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. சேக்கிழார் கண்டனம் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை எழுதாமல் விடவும் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றி, சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரை நந்தனாரின் ஆண்டையாகப் படைத்தார். கதை நாடெங்கும் பரவியது. பரவிய கதையில் கோரோசனை மறைந்து, கூலியாளின் கண்ணீர் முன்னே வந்தது. 1916இல் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான கல்வி நிலையத்தைத் தொடங்கினார். சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது.

மருதூரில் பிறந்து தில்லையைப் பாடிய வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823-1874) வேறு வழியைத் தேர்ந்தார். 1872இல் வடலூரில் அவர் அமைத்த சத்திய ஞானசபையில் வழிபடப்படுவது உருவமன்று, ஒளி. ஏழு திரைகள் விலகியபின் தெரியும் சோதியே அங்குத் தைப்பூச தரிசனம். விளக்கைத் துடைப்பவர் 12 வயதுக்கு உட்பட்டவராகவோ 72 வயதைக் கடந்தவராகவோ இருக்க வேண்டும் என்று அவர் விதித்தார். பிறப்பைக் கேட்காமல் வயதைக் கேட்ட விதி என்பதை நந்தனார் கதைக்குப் பின் படிக்கும்போது அதன் வேறுபாடு தெரியும்.

தேவாலயத்திலும் தர்காவிலும்

கத்தோலிக்கத் திருப்பலியில் சங்கிலி கோத்த தூபக்கலசத்தை அசைத்துப் பீடத்துக்கும் நற்செய்தி நூலுக்கும் மக்களுக்கும் தூபம் காட்டுவர். இறந்தவரின் உடலுக்கும் இம்மரியாதை உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவின் பாசுகாத் திரியில் ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பது வழக்கம். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் (1680-1747) எழுப்பிய பெரியநாயகி மாதா கோயில், பெயரளவிலேயே இம்மண்ணின் மரபோடு கைகோத்தது. விருத்தாசலம் சிவன் கோயிலின் அம்மனும் பெரியநாயகியே. குழந்தை இயேசுவுக்கு ஞானிகள் அளித்த காணிக்கை, சீர்திருத்தச் சபையாரின் பழைய விவிலியத்தில் தூபவர்க்கம் என்றும், பிற்காலப் பொது மொழிபெயர்ப்பில் சாம்பிராணி என்றும் வருகிறது. இதில் சுவையான முரண் உண்டு. 18ஆம் நூற்றாண்டு முதல் கடலூரில் வேரூன்றிய சீர்திருத்தச் சபைகள் வழிபாட்டில் தூபத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பரங்கிப்பேட்டை முதலிய கடற்கரை ஊர்களின் தர்காக்களில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் அன்றாடம் புகைகின்றன. சந்தனக்கூடு விழாவில் அரைத்த சந்தனத்தை ஊர்வலமாக எடுத்துவந்து அடக்கத்தலத்தில் பூசுவர். நாகூரில் இது பல சமயத்தாரும் கூடும் பெருவிழா. மார்க்க அறிஞர்களிடையே இவ்வழக்கம் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. தமிழகக் கடைத்தெருக்களில் சாம்பிராணிச் சட்டியும் மயிற்பீலியுமாகக் கடை கடையாகப் புகை போட்டுச் செல்லும் முசுலிம் பெரியவரைக் காணலாம். கல்லாப்பெட்டிக்கு மேலே பிள்ளையார் படம் மாட்டியிருக்கும் கடைக்காரரும் அந்தப் புகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இன்றைய மாற்றங்கள்

கடந்த நூறாண்டுகளில் மணப்பொருள்களின் உள்ளடக்கம் அடியோடு மாறிவிட்டது. 1899 முதல் சப்பானிய அரசு தைவானின் கருப்பூர மரத் தொழிலைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. செல்லுலாய்டு உற்பத்திக்கும் கருப்பூரம் தேவைப்பட்டதால் விலை ஏறியது. விளைவாக, தேவதாரு இனப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனைக் கொண்டு செயற்கைக் கருப்பூரம் செய்யும் முறை தொழிற்சாலைக்கு வந்தது. இன்று கோயில் வாசலில் விற்கும் வில்லைகள் அவ்வகையே. சோழர் காலத்தில் அரிய சரக்காக இருந்தது ஏழையின் கைக்கும் எட்டியது இந்த மாற்றத்தால்தான்.

கத்தூரி மானும் புனுகுப் பூனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. கடைகளில் புனுகு, கத்தூரி, சவ்வாது என்ற பெயர்களில் கிடைப்பவை பெரும்பாலும் செயற்கை வாசனைக் கலவைகள். சவ்வாது என்ற சொல்லே புனுகைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதைக் குப்பியில் அடைத்து விற்போர் அறிந்திருப்பது அரிது. ஊதுபத்தி மூங்கில் குச்சி, கரித்தூள், மரப்பட்டைப் பசை, வாசனை எண்ணெய் ஆகியவற்றால் ஆனது. 20ஆம் நூற்றாண்டில் மைசூரும் பெங்களூரும் அதன் மையங்களாக வளர்ந்தன. வியத்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த பத்திகள் உள்நாட்டுத் தொழிலை நெருக்கியதால், 2019 ஆகத்து மாதத்தில் இந்திய அரசு ஊதுபத்தி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 2020இல் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரியை 25 விழுக்காடாக உயர்த்தியது. கரி மூட்டி, தணலில் தூளைத் தூவும் வேலையைக் குறைத்துக் கப் சாம்பிராணியும், 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்ற வேடிக்கையான பெயருடைய வில்லையும் வந்துவிட்டன.

கருப்பூரம் எச்சமின்றி எரிந்து இறைவனோடு கலக்கிறது என்று உரை சொல்வது வழக்கம். மண்டப விதானத்தை அண்ணாந்து பார்த்தால் எச்சம் எங்கே போயிற்று என்பது தெரியும். கருப்பூரச் சுடர் கரி மிகுந்தது. வீடுகளில் கண்மைக்கு அந்தக் கரியைப் பிடித்ததும் இதனால்தான். சிதம்பரம் சிவகாமியம்மன் சன்னதியின் முன்மண்டப விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் உள்ளன. இத்தகைய ஓவியங்களுக்குப் புகையும் ஈரமும் முதற்பகைகள். 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எசு. கே. கோவிந்தசாமி. கோயில்களுக்குள் பக்தர்கள் கருப்பூரம் ஏற்ற வேண்டாம் என்ற அறிவிப்புகள் இப்போது பல இடங்களில் காணப்படுகின்றன. அவற்றைச் சமயத் தலையீடாக எடுத்துக்கொள்வதைவிட, அந்த விதானத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

உடல்நலக் கேள்வியும் உண்டு. சிங்கப்பூரில் 61,320 சீன வமிசத்தவரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, நெடுங்காலம் ஊதுவத்திப் புகையில் வாழ்வோருக்குச் சுவாசப்பாதையின் சிலவகைப் புற்றுநோய்கள் கூடுதலாக வருவதைக் காட்டியது. பூட்டிய அறையில் நாள் முழுதும் புகைவதற்கும், உயர்ந்த மண்டபத்தில் சிறிது நேரம் புகைவதற்கும் வேறுபாடு உண்டு என்றாலும், நாள்தோறும் கருவறையில் நிற்கும் அருச்சகர்களையும் பத்தி உருட்டும் பெண்களையும் இக்கேள்வி முதலில் தொடுகிறது.

சிதம்பரம் கீழசன்னதிக் கடைகளில் தசாங்கப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. பத்து உறுப்புகள் கொண்டது என்பது தசாங்கம் என்ற பெயரின் பொருள். எந்தப் பத்து என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. சந்தனம், அகில், குங்கிலியம், குந்திரிக்கம் ஆகிய பெயர்களைப் பட்டியல்களில் அடிக்கடி காணலாம். பாடலீசுவரர் கோயிலின் பாதிரி மட்டும் எந்தப் பொட்டலத்திலும் இல்லை. அது வேனிலில் பூத்து, பறிப்பாரின்றித் தானே உதிர்கிறது.